சுண்டைக்காய் கால் பணம், சாவிக்கூலி முக்கால் பணம்!

ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு வீடு, வாசலில் ஒரு கார். வீட்டுக்காரர் கையில் அந்தக் காரின் ரிமோட் சாவி. ஒரு வாரமாகவே சாவி மக்கர். பத்து தடவை அமுக்கினால் ஒரு தடவை கதவு திறக்கும். பேட்டரி போயிருக்கும் என்று மனிதர் சரியாகவே கண்டுபிடிக்கிறார். தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பட்டன் பேட்டரி வாங்கி வருகிறார். ஐம்பது ரூபாய் சமாச்சாரம். சாவியைப் பிரிக்கிறார், பழசை எடுக்கிறார், புதுசைப் போடுகிறார், மூடுகிறார், பெருமையோடு அமுக்குகிறார்.

ஒன்றும் இல்லை. பத்துக்கு ஒன்று என்று இருந்தது இப்போது பத்துக்கு பூஜ்யம்.

பதறிப்போய் சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுகிறார். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற முதல் கேள்வி: "சார், நீங்களே பிரிச்சீங்களா?" ஏதோ வயிற்றைப் பிரித்து ஆபரேஷன் செய்துவிட்ட மாதிரி. அடுத்த வாக்கியம்: "ப்ரோக்ராம் போயிருக்கும் சார். வண்டியைக் கொண்டு வாங்க. புதுச் சாவி போட வேண்டி வந்தாலும் வரும்."

புதுச் சாவி என்றால் சில ஆயிரம். பட்டன் ஸ்டார்ட் வண்டி, கொஞ்சம் பெரிய மாடல் என்றால் ஐந்து இலக்கத்தைத் தொடுவதும் உண்டு. ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தது அங்கே போய் நிற்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ரிமோட் சாவி வைத்திருக்கிற யாருக்கும் இது புதுக் கதையாக இருக்காது. அந்த "ப்ரோக்ராம் போயிருக்கும்" என்கிற ஒரு வரிதான் இங்கே குற்றவாளி. பெரும்பாலான சாவிகளில் அது உண்மை இல்லை. உண்மையாக இருக்கிற சில சாவிகளிலும் அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு தேவையில்லை. தெரியாத்தனத்தைப் பயமாக மாற்றி, பயத்தைப் பில்லாக மாற்றுகிற வியாபாரம் இது.

சாவிக்குள்ளே என்னதான் இருக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இன்றைய கார் சாவி ஒரு சாவி இல்லை, மூன்று சாவி.

முதலாவது, இரும்புச் சாவி. பட்டன் ஸ்டார்ட் வண்டியின் சாவியிலும் இது பெரும்பாலும் உள்ளே ஒளிந்திருக்கும். ஓரத்தில் ஒரு சின்ன விசையைத் தள்ளினால் வெளியே வரும். பலர் ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்கும்போதுகூட இது இருப்பதே தெரியாமல் விற்றிருப்பார்கள்.

இரண்டாவது, ரிமோட். கதவைத் திறந்து மூடுகிற பகுதி. இந்தியாவில் பொதுவாக 433.92 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். பேட்டரி அடிப்படையில் இதற்குத்தான்.

மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். இஞ்சின் கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது இதுதான். இங்கேதான் விஷயமே இருக்கிறது: இந்த சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். சாவித்துளையைச் சுற்றியோ ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்திலோ இருக்கிற ஒரு கம்பிச்சுருள் அனுப்புகிற சக்தியிலேயே அது விழித்துப் பதில் சொல்லும். பேட்டரி செத்தாலும் சிப் சாகாது.

ஆகவே, பேட்டரி முழுவதும் தீர்ந்த சாவியை வைத்துக்கொண்டும் பெரும்பாலான கார்களைத் திறக்கலாம், கிளப்பலாம். இரும்புச் சாவியால் கதவைத் திறக்க வேண்டும். (அலாரம் கத்தினால் கத்தட்டும், வண்டி கிளம்பினால் தானாக அடங்கும்.) பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். சில மாடல்களில் சாவியை வைப்பதற்கென்றே தனி இடம் உண்டு. அவ்வளவுதான்.

கையேட்டில் இது இருக்கிறது. ஆனால் முந்நூறு பக்கத்துக்கு மேல் போகிற ஒரு புத்தகத்தில் எங்கோ நடுவில் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குச் செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில், பின் சீட்டில் தூங்குகிற குழந்தையோடு நின்றுகொண்டு, "சாவி கண்டறியப்படவில்லை" என்று கண்சிமிட்டுகிற திரையைப் பார்ப்பவருக்கு அந்தப் பக்கத்தைத் தேடுகிற பொறுமையா இருக்கும்? அந்த ஒரு வரியைச் சாவியின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தர என்ன செலவாகும்? அரை பைசா ஆகுமா? நிறுவனத்தின் முத்திரையை மட்டும் பளபளவென்று பதிக்க முடிகிறது.

"ப்ரோக்ராம் போயிருக்கும்" - போகாது!

ரிமோட்டின் அடையாள எண்ணும் அதன் கணக்கும் பொதுவாக மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போட்டாலும் அப்படியே இருக்கும். பென் டிரைவைக் கணினியிலிருந்து பிடுங்கினால் உள்ளே இருக்கிற படம் அழிந்துவிடுகிறதா என்ன?

அப்படியென்றால் பேட்டரி மாற்றிய பிறகு ஏன் வேலை செய்யவில்லை? காரணங்கள் அற்பமானவை. அற்பமானவை என்பதால்தான் யாரும் சொல்வதில்லை. சொன்னால் பில் போட முடியாது.

ஒன்று, தப்பான பேட்டரி. மேலே எழுதியிருக்கிற எண்ணில் எல்லாம் இருக்கிறது. சி.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் அதே விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம். 2016 என்றால் 1.6 மில்லிமீட்டர். மூன்றுமே 3 வோல்ட். மூன்றுமே பார்க்க ஒரே மாதிரி. 2032 இருக்க வேண்டிய இடத்தில் கடைக்காரர் 2025-ஐக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் அது உள்ளே லொடலொடக்கும். தொட வேண்டிய தகட்டைத் தொடாது. பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துப்போய் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு, திருப்பிப் போடுவது. பளபளப்பாக எண் எழுதியிருக்கிற பக்கம் பிளஸ். சில சாவிகளில் அது மேலே பார்க்கும், சிலதில் கீழே. பழசை எடுக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

மூன்று, தகடு. பேட்டரியை நெம்பி எடுக்கும்போது அதைத் தாங்குகிற மெல்லிய தகடு அமுங்கிப்போகும். பிறகு எவ்வளவு நல்ல பேட்டரி போட்டாலும் தொடாது. மூக்கு நீண்ட குறட்டாலோ ஊக்காலோ அந்தத் தகட்டை மெதுவாக, ஒரு மயிரிழை அளவு தூக்கி விட்டால் போதும்.

நான்கு, அழுக்கு. விரல் எண்ணெய், பழைய பேட்டரி கசிந்த கறை. பென்சில் அழிக்கிற ரப்பரால் தகட்டைத் தேய்த்துத் துடைத்தால் போய்விடும். இதில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. குழந்தைகள் விழுங்காமல் இருப்பதற்காகச் சில நிறுவனங்கள் பட்டன் பேட்டரி மேல் கசப்புப் பூச்சு பூசி விற்கின்றன. அந்தப் பூச்சே சில கருவிகளில் தகடு தொடுவதைத் தடுக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் ஏர்டேக் கருவிக்கு இந்த எச்சரிக்கையை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. தகடு தொடுகிற இடத்தில் இருக்கிற பூச்சை மட்டும் துணியால் நன்றாகத் துடைத்துப் பார்க்கலாம். சரிவரவில்லை என்றால் பூச்சு இல்லாத பேட்டரிதான் வழி.

ஐந்து, 'புது' பேட்டரியே புதிதாக இல்லாமல் இருப்பது. அட்டையில் வருடக்கணக்கில் தொங்கிய சரக்காக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். மல்டிமீட்டரில் வைத்தால் 3 வோல்ட் காட்டும். ஆனால் பட்டனை அமுக்கி ரிமோட் அலை அனுப்புகிற அந்த நொடியில் படுத்துவிடும். இன்னொரு கடையில் இன்னொரு பேட்டரி வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் இதற்குச் சோதனை.

ஆறு, சாவிக்கும் காருக்கும் கணக்கு தப்பிப்போவது. ரிமோட் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் வேறு வேறு எண்ணை அனுப்பும். காரும் உள்ளே அதே கணக்கைப் போட்டுக்கொண்டே வரும். குழந்தை கையில் சாவி கிடைத்து, காருக்கு எட்டாத தூரத்தில் நூறு தடவை அமுக்கப்பட்டால் சாவி முன்னால் ஓடியிருக்கும், கார் பின்னால் நிற்கும். பழைய முறைகளில் பிரபலமான கீலாக் முறையை எடுத்துக்கொள்வோம். 16 எண்ணுக்குள் முன்னே போயிருந்தால் கார் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டி, சுமார் 32,000 வரை போயிருந்தாலும், அடுத்தடுத்து இரண்டு தடவை அமுக்கினால் மீண்டும் சேர்ந்துகொள்ளும். சில கார்களில் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, இக்னிஷனைப் போட்டு, பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். "ப்ரோக்ராம் போச்சு" என்கிற வாக்கியத்துக்குள் இருக்கிற உண்மை இவ்வளவுதான். ஒரு நிமிட வேலை.

ஏழாவதுதான் உண்மையிலேயே ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது. சில பழைய சாவிகளில் இம்மொபிலைசர் சிப் சர்க்யூட்டோடு ஒட்டாமல், தனியாக ஒரு சின்னக் கறுப்புத் துண்டாகவோ, அரிசி போன்ற கண்ணாடிக் குழாயாகவோ உறையில் செருகியிருக்கும். சாவியைப் பிரிக்கும்போது அது எகிறிக் கீழே விழும். குப்பை என்று பெருக்கிவிடுவார்கள். பிறகு கதவு திறக்கும், இஞ்சின் கிளம்பாது. உறை உடைந்துவிட்டது என்று கடையில் புது உறை வாங்கி மாற்றுபவர்கள் இந்த சிப்பைப் பழைய உறையிலேயே விட்டுவிட்டுத் தூக்கிப் போடுவதும் நடக்கும். ஆகவே சாவியைப் பிரிக்கும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது உத்தமம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. காரோடு கொடுத்த இரண்டாவது சாவியை எடுத்து அமுக்குவது. அதுவும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு சாவியில் இல்லை, காரில். காரின் 12 வோல்ட் பேட்டரியே தளர்ந்திருக்கலாம். இந்த ஒரு கேள்வியை, "ரெண்டாவது சாவி வேலை செய்யுதா சார்?" என்பதை, போனில் கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மனிதர் பாதி தெளிவடைந்திருப்பார். ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது, "நீங்களே பிரிச்சீங்களா?"

இது பொருளாதாரம், தொழில்நுட்பம் இல்லை

வணிகவியல் வகுப்பில் சொல்லித் தருகிற ஒரு பாடம் இங்கே அச்சு அசலாக நிற்கிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெட்டுப்போகும் என்பதுதான் விஷயம். 2001-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? பழைய கார் சந்தை! கார் வியாபாரத்துக்கும் 'தெரியாத்தனத்துக்கும்' அவ்வளவு பழைய உறவு.

கார் வாங்கும் நாளில் நூறு கடை ஏறி இறங்கலாம், தள்ளுபடி கேட்கலாம், மிதியடி இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வாங்கிய மறுநாள் அந்தக் காருக்குச் சாவி கொடுக்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லாக் கம்பெனிகளும் இருந்தும் இல்லாத மாதிரிதான். வாடிக்கையாளரையே பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

இதை யாரோ கோபக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை. இந்தியப் போட்டி ஆணையமே சொன்னது. 2011-இல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரில் ஆரம்பித்த வழக்கு. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும், பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிச் சந்தைக்கு விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள், தங்கள் பிராண்டின் உதிரி பாகச் சந்தையில் ஒவ்வொருவரும் தனிக்காட்டு ராஜா என்றது ஆணையம். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி போய்விடும் என்று ஒட்டுமொத்தமாக மிரட்டக் கூடாது என்றும் சொன்னது.

பிறகு? 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், வழக்கைக் கேட்டவர்களும் ஆணை எழுதியவர்களும் ஒரே ஆட்கள் இல்லை என்கிற நடைமுறைக் குறையைச் சுட்டிக்காட்டி, தன்னிடம் வந்த நிறுவனங்கள் மீதான ஆணையை ரத்து செய்தது. 'தகவலைப் பூட்டி வைத்தது சரிதான்' என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. நடைமுறை தோற்றது. கேள்வி அப்படியே நிற்கிறது.

"திருட்டுப் போய்விடுமே?"

எதிர்த் தரப்பின் பலமான வாதம் இது. நியாயமான வாதமும்கூட. இம்மொபிலைசர் வந்தது விளையாட்டுக்கு இல்லை. ஒயரை உரசிக் காரைக் கிளப்புகிற சினிமாத் திருட்டை ஒழித்தது அதுதான். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். சாவி செய்கிற ரகசியத்தைத் தெருவுக்குத் தெரு எழுதி ஒட்ட முடியாது என்பதில் சண்டையே இல்லை.

சண்டை வேறு. பேட்டரித் தகட்டில் என்ன ரகசியம்? 2032-க்கும் 2025-க்கும் உள்ள வித்தியாசத்தில் எந்தத் திருடனுக்கு என்ன லாபம்? மேலே சொன்ன ஏழு காரணங்களில் ஒன்றுக்குக்கூட இம்மொபிலைசர் ரகசியம் தேவையில்லை. பாதுகாப்பு என்கிற பெரிய போர்வையை எடுத்து ஐம்பது ரூபாய் பேட்டரியையும் சேர்த்துப் போர்த்துவதைத்தான் ஏற்க முடியாது.

இன்னொன்று. மூடி வைத்தால் திருடனுக்குத் தெரியாமல் இருக்கும் என்பது நடந்த கதைகளுக்கு எதிரானது. மெகாமோஸ் என்று ஓர் இம்மொபிலைசர் சிப். பல நிறுவனங்களின் கார்களில் இருந்தது. அதில் உள்ள ஓட்டையை பர்மிங்காம், நைமேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை வெளியிடக் கூடாது என்று ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் 2013-இல் தடை வாங்கியது. இரண்டு வருடம் கழித்து, 2015-இல், ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு அந்தக் கட்டுரை வெளியானது. அந்த இரண்டு வருடமும் ஓட்டை காருக்குள்தான் இருந்தது. கட்டுரையைப் பூட்டியதால் காருக்குப் பூட்டு வந்துவிடவில்லை.

வெளியாட்களுக்குச் சாவித் தகவலைப் பாதுகாப்பாகக் கொடுக்கவே முடியாதா? முடியும். அமெரிக்காவில் செய்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் பழுதுபார்க்கும் உரிமையை மக்கள் வாக்கெடுப்பில் ஜெயிக்க வைத்தார்கள். 2014-இல் கார் நிறுவனங்கள் அதை நாடு முழுவதற்கும் ஒப்பந்தமாக ஏற்றுக்கொண்டன. சாவி போன்ற பாதுகாப்புத் தகவலுக்குத் தனி வழி இருக்கிறது. பின்னணி சோதிக்கப்பட்டுப் பதிவு செய்த சாவிக்காரர்களுக்கு மட்டும் தகவல் கிடைக்கும். யார், எந்த வண்டிக்கு, எப்போது கேட்டார் என்பது பதிவாகும். தப்பு நடந்தால் ஆளைப் பிடிக்கலாம்.

நம் ஊரில் அந்தச் சாவிக்காரர் யார்? பேருந்து நிலையத்துக்கு வெளியே, ஒரு குடைக்குக் கீழே, அரத்தையும் சாவிக்கொத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். வீட்டுக்கும் பீரோவுக்கும் கடை ஷட்டருக்கும் ஊரே நம்பிச் சாவி செய்யக் கொடுப்பது அவரிடம். கார் சாவி சிப்புக்கு மாறியதும் அவர் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டார். சிலர் கடன் வாங்கி ப்ரோக்ராம் செய்யும் மெஷின் வாங்கித் தாங்களே கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிவு கிடையாது, பயிற்சி கிடையாது, அங்கீகாரம் கிடையாது. ஒரு திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் மட்டும் அவர்கள் மேல். திருடன் கள்ளச் சந்தையில் கருவி வாங்கிவிடுவான். நேர்மையாகத் தொழில் செய்கிறவருக்குத்தான் கதவு மூடியிருக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

என்னதான் வேண்டும்?

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இணைய வாசல் ஒன்றும் திறந்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. நல்ல ஆரம்பம். ஆனால் நிறுவனங்கள் தாங்களாக முன்வந்து தகவல் தருவது ஒன்று, தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வது வேறு. பூனைகள் தாங்களாக மணி கட்டிக்கொள்ளும் என்று எலிகள் காத்திருக்கக் கூடாது.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பேட்டரி எண்ணும், பேட்டரி செத்தால் காரைக் கிளப்புகிற வழியும் சாவியின் மேலேயே இருக்க வேண்டும். சாவியையும் காரையும் மறுபடி சேர்க்கிற முறை தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும், தனி ஒரு தாளில், வண்டியோடு வர வேண்டும். தகடும் பட்டனும் உறையும் தனித்தனி உதிரி பாகமாக, விலை எழுதி, கடையில் கிடைக்க வேண்டும். பத்து ரூபாய் தகட்டுக்காக முழுச் சாவியையும் வாங்கு என்று சொல்லக் கூடாது. சாவிக்காரர்களுக்குப் பதிவும் பயிற்சியும் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வருடத்துக்கு லட்சக்கணக்கில் கார் செய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர் இது. அந்தக் காரின் சாவியில் தகடு நிமிர்த்த ஊரில் ஆள் இல்லை என்று சொல்ல வெட்கமாக இல்லையா?

கார் வைத்திருப்பவர்கள் மேலும் தப்பு உண்டு. ஸ்டீரியோவுக்குப் பத்தாயிரம் செலவழிப்பவர் கையேட்டில் பத்துப் பக்கம் படிப்பதில்லை. இரண்டாவது சாவியை எங்கே வைத்தோம் என்றே பலருக்குத் தெரியாது. கார் திருட்டுப் போய்க் காப்பீடு கேட்கும்போது இரண்டு சாவியையும் காட்டச் சொல்வது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கம். அப்போதுதான் பீரோ தேடல் நடக்கும். பயமுறுத்துகிறவன் பாதி, பயப்படத் தயாராக இருக்கிறவன் பாதி. இரண்டும் சேர்ந்துதான் பில் முழுசாகிறது.

கடைசியாக ஒன்று. இந்த விஷயத்தில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கழற்றிப் போட்ட அந்தப் பழைய பட்டன் பேட்டரி. ரிமோட்டுக்குத்தான் அது செத்த பேட்டரி. ஒரு சின்னக் குழந்தை அதை எடுத்து விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் புண்ணாக்கிவிடும். உயிரும் போகலாம். விழுங்கியிருக்கலாம் என்கிற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவில் சேர்க்க வேண்டும்.

வேடிக்கையைப் பாருங்கள். உயிர் போகிற இந்த விஷயத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் யாரும் சொல்லவில்லை. போகாத ப்ரோக்ராமுக்கு மட்டும் அத்தனை பயமுறுத்தல்.

அந்த மனிதர் என்ன செய்தார் என்று கதையை முடிப்பதென்றால் இப்படி முடிக்கலாம். சாவியை மறுபடி பிரித்தார். தகடு அமுங்கியிருந்தது. ஊக்கால் லேசாகத் தூக்கி விட்டார். அமுக்கினார். கார் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டியது. செலவு: ஊக்கு ஒன்று. அதுவும் வீட்டிலேயே இருந்தது :-)